துணிக்குக் கீழே தெரிந்த கால்கள்

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதக் கடைசியில், மூன்று மாத விசாவோடு பரிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அதுவரை நான் பார்த்த பெரிய ஊர் கொழும்புதான். அங்கே கூட இரண்டாம் நாளே தலையிடி வந்து பஸ் ஏறிவிடுகிற ஆள் நான்.

நான் மட்டக்களப்பு வாவியில் ‘பாதை’ ஓட்டுகிறவன். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ரோட்டு இல்லை. இரும்புத் தோணிகளுக்கு மேல் பலகை அடித்து, இயந்திரம் பூட்டி, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் அக்கரைக்குக் கொண்டு போகிற பெரிய மிதவை. வீடு தேற்றாத்தீவுக்குக் கிட்ட. மார்கழி, தை மாதக் காலைகளில் பனிப்புகார் மூடிவிட்டால் நடு வாவியில் நிற்கும்போது இரண்டு கரையும் தெரியாது. பாதையில் வாயோயாமல் கதைத்துக்கொண்டு வருகிறவர்கள் கூட அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எந்தக் கரையிலும் இல்லாத அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். பரிஸில் இருந்த மூன்று மாதமும் எனக்கு அப்படித்தான் கழிந்தது.

என்னுடைய மற்ற வேலை கூத்துக்கு மத்தளம் அடிப்பது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. எங்கள் கூத்தில் மேடை வட்டமானது. களரி என்போம். மத்தளக்காரன் அதன் நடுவில், இடுப்பில் மத்தளத்தைக் கட்டிக்கொண்டு நிற்பான். ஆடுகிறவர்கள் அவனைச் சுற்றி வருவார்கள். அவன் முகங்களைப் பார்ப்பதில்லை, கால்களைத்தான் பார்ப்பான். கால் கேட்கும், மத்தளம் பதில் சொல்லும். ஒரு பாத்திரம் முதன்முதலாகக் களரிக்கு வரும்போது இரண்டு பேர் ஒரு வெள்ளைத் துணியை மறைப்பாகப் பிடிப்பார்கள். துணிக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். அந்தக் கால்களைப் பார்த்து நான் ‘வரவு’ அடிப்பேன். அதன் பிறகுதான் துணி விலகும், ஆள் வெளியே வருவார். முப்பது வருடத்துக்கு மேலாக இதுதான் என் தொழில் என்பதால், பாதையில் ஏறுகிற ஆட்களைக் கூட நான் காலை வைத்துத்தான் அடையாளம் பிடிப்பேன்.

பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே அக்கா போனில் சொல்லிவிட்டா.

“தம்பி, வரக்குள்ள மத்தளத்தையும் கொண்டு வா. உடுப்பு ஒண்டும் தேவல்ல, இஞ்ச வாங்கலாம். மத்தளம் கட்டாயம்.”

எதற்கு என்று கேட்டால் சிரிப்புத்தான் பதில். பிள்ளைகளுக்கு அடித்துக் காட்டச் சொல்லப் போகிறா என்று நினைத்துக்கொண்டேன். பழைய பெட்சீட்டில் சுற்றி, குழந்தையைக் கொண்டு போகிற மாதிரி மடியில் வைத்துத்தான் கொண்டு போனேன். பரிஸ் விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பெட்சீட்டை அவிழ்க்கச் சொல்லி, மத்தளத்தின் கறுப்புக் கண்ணை முகர்ந்து பார்த்து, சந்தேகத்தோடு விரலால் ஒரு தட்டுத் தட்டினான். ‘தொம்’ என்றது. அவனுக்கே சிரிப்பு வந்து போகச் சொல்லிவிட்டான். பரிஸில் என் மத்தளம் முதன்முதலாக ஒழுங்காகப் பேசியது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் அது வாயே திறக்கவில்லை.

போய்ச் சேர்ந்த நாலாம் நாள்தான் அக்கா விஷயத்தை உடைத்தா. அவவுக்கு நகரசபை மண்டபம் ஒன்றில் துப்பரவு வேலை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அந்த மண்டபத்துக்குப் பல நாட்டுக்காரர்கள் தங்கள் தங்கள் வாத்தியங்களோடு வந்து கூடுவார்களாம். சம்பளம் இல்லை, டிக்கெட் இல்லை. சேர்ந்து வாசித்துவிட்டுப் போவார்கள். சித்திரை மாதக் கடைசியில் ஒரு பூங்காவில் எல்லாரும் சேர்ந்து கச்சேரி செய்வார்கள். அக்கா ஏழு வருடமாகக் கூட்டுமாற்றைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா.

“உலகத்தில உள்ள எல்லா மேளமும் அங்க இரிக்கி. நம்மட மத்தளம் மட்டும் இல்ல. உன்னப் பத்திச் சொல்லிட்டன். வாற ஞாயிறு உன்னப் பாத்துக்கிட்டு இரிப்பாங்க.”

“என்னத்தச் சொன்ன?”

“என்ட தம்பி ஊரில பெரிய அண்ணாவி எண்டு.”

அண்ணாவியார் என்றால் கூத்தையே பழக்குகிறவர். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று மத்தளம் அடிக்கிறவன் மட்டும்தான். அதைச் சொன்னேன். “அவங்களுக்கு அது விளங்கவா போகுது” என்று அக்கா தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டா. உள்ளுக்குள் எனக்கும் குளிர்ந்துதான் போயிற்று. பரிஸில் வாசிக்கப் போகிறேன் என்று ஊரில் நாலு பேருக்குப் போன் எடுத்துச் சொல்லியும் விட்டேன். எனக்குக் கர்வம் கொஞ்சம் கூடத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குள் கால் வைத்தபோது ஏதோ கனவுக்குள் வந்த மாதிரி இருந்தது. வெளியே பஞ்சு பறக்கிறது போல மெல்லிய பனி. உயரமான கண்ணாடி யன்னல்களால் சூடே இல்லாத ஒரு வெள்ளை வெளிச்சம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. இருபது கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஆபிரிக்காவிலிருந்து வந்த ஒரு பென்னம்பெரிய மனிதர், பெரிய சுரைக்குடுக்கையில் நரம்பு கட்டிய வாத்தியத்தை நெஞ்சோடு அணைத்தபடி இரண்டு பெருவிரல்களாலும் மீட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கத் தண்ணீர் சொட்டுகிற மாதிரிக் கேட்டது. அக்கோடியன் வாசிக்கிற வெள்ளைக்கார அம்மா ஒருவர்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. நரைத்த முடியைத் தூக்கிக் கட்டியிருந்தா. என்னைக் கண்டதும் எழும்பி வந்து என் கையை இரண்டு கைகளாலும் பிடித்து ஏதோ சொன்னா. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் சந்தோசமாகச் சொல்கிறா என்று மட்டும் தெரிந்தது.

புதிதாக வருகிறவரை வட்டத்துக்கு நடுவில் இருத்தி, முதலில் தனியே வாசிக்க விடுவது அவர்களுடைய வழக்கம். அவர் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேருவார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் எனக்கு அது பொறியாகிவிட்டது.

மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். வரவுத் தாளத்தைத் தொடங்கினேன். ஒரு தரம் அடித்தேன். இரண்டு தரம் அடித்தேன். கை பழக்கத்தில் போகிறது, கண் பழக்கத்தில் கீழே தேடுகிறது. கால்களைக் காணவில்லை. இருபது சோடிச் சப்பாத்துகள் கதிரைகளுக்குக் கீழே அசையாமல் மரியாதையாக இருக்கின்றன. யாரும் வரவில்லை என்றால் வரவை எப்படி முடிப்பது? திரும்பவும் அதையே அடித்தேன். பத்து நிமிடம் ஒரே தாளத்தை அடித்துக்கொண்டிருந்திருப்பேன். அவர்கள் பாவம், இதுதான் எங்கள் நாட்டு முறை என்று நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் உள்ளங்கை வியர்த்து விரல்கள் வழுக்கி, பாட்டரி செத்த மணிக்கூடு மாதிரி நின்றுபோனேன்.

பிறகு எல்லாரும் கை தட்டினார்கள். பிள்ளை விழுந்து எழும்பினால் தட்டுவோமே, அந்தக் கை தட்டு. ஆபிரிக்கக்காரர் வந்து என் தோளில் ஒரு கையை வைத்துவிட்டுப் போனார். நான் கதவடியைப் பார்த்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தா.

அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். என்னுடையது போகட்டும். ஏழு வருடமாகத் துடைப்பத்தோடு நின்றவ, ஒரு நாள் தலை நிமிர்ந்து ‘என் தம்பி’ என்று சொல்லி வைத்திருந்தா. அதை நான் கெடுத்துவிட்டேனே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தக் கிழமை முழுக்க எனக்குக் கால் பைத்தியம் பிடித்திருந்தது. அக்காவும் அத்தானும் வேலைக்குப் போன பிறகு நிலக்கீழ் ரயிலில் ஏறிச் சும்மா சுற்றுவேன். இரும்புப் படிகள் தாமாகவே மேலே ஏறும், அதில் நூற்றுக்கணக்கான கால்கள் நின்றபடியே மிதந்து போகும். குதி உயர்ந்த கால்கள், சேறு பூசிய கால்கள், ஒரு கிழவரும் அவருடைய நாயுமாக ஆறு கால்கள். என் விரல்கள் பொக்கற்றுக்குள் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும். ரயில் சுரங்கத்துக்குள் போகும்போது கண்ணை மூடினால் நடு வாவியில் புகாருக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். எந்த ஸ்டேசனில் ஏறினேன், எதில் இறங்க வேண்டும் என்பது மறந்துபோகும். இரண்டு தரம் தொலைந்து, அக்காவுக்குப் போன் எடுத்து ஏச்சு வாங்கினேன்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மத்தளம் பழகும்போது வீட்டு முற்றத்தில் தனியேதானே இருந்து அடித்தேன்? அப்போது முன்னால் எந்தக் கால் இருந்தது? கை எப்படி ஓடியது? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

இரண்டாவது ஞாயிறு ஒரு தந்திரம் செய்தேன். அக்கோடியன் அம்மா வாசிக்கும்போது வலது கால் நுனியால் தாளம் போடுவா. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கால் என் மத்தளத்தைக் கேட்டுத்தான் அசைகிறது, என் மத்தளம் அந்தக் காலைப் பார்த்துத்தான் அசைகிறது. வாசலில் ‘நீங்க போங்க’, ‘இல்ல நீங்க போங்க’ என்று இரண்டு பேர் நிற்பது போல இரண்டும் மெதுவாகி மெதுவாகி நின்றேவிட்டன. அம்மா வாய்விட்டுச் சிரித்தா. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மத்தளத்தைப் பெட்சீட்டில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

“டிக்கட்ட மாத்தித் தா அக்கா. நான் ஊருக்குப் போறன்.”

அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றா. “உனக்கு என்ன இல்லாமக் கிடக்கு அங்க?” என்று மட்டும் கேட்டா.

“கால் இல்ல” என்றேன் கோபத்தோடு. “ஆருமே எழும்பி ஆடுறாங்க இல்ல. காலப் பாக்காம நான் எப்பிடி அடிக்கிற?”

அக்கா வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பிறகு திரும்பவும் வெட்டத் தொடங்கினா.

“இன்னும் ஒரு ஞாயிறு வா. மறுகா போ.”

மூன்றாவது ஞாயிறு போனபோது மண்டபம் பளிச்சென்று துடைத்துக் கிடந்தது. அக்கா அன்று வேளைக்கே வேலையை முடித்துவிட்டிருந்தா. அக்கோடியன் அம்மாவிடமும் ஆபிரிக்கக்காரரிடமும் பிரெஞ்சில் ஏதோ குசுகுசுத்தா. அவர்கள் மேசையில் கிடந்த வெள்ளை விரிப்பை எடுத்து ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முன்னால் வந்து நின்றார்கள். எனக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அக்காவைத் தேடினேன். கதவடியில் அவவுடைய றப்பர் சப்பாத்துகள் மட்டும் கிடந்தன.

துணிக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன.

வெறுங்கால்கள். குதிக்கால் முழுக்க வெடிப்பு. இடது கணுக்காலில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தழும்பு. நெல் அவிக்கும்போது கொதிதண்ணீர் ஊற்றுப்பட்ட தழும்பு அது. எங்கள் வளவில் அன்றைக்கு அவ கத்திய கத்தல் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

இப்போது அந்தப் பழைய கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. எங்கள் வீட்டு வேலிக்கு அடுத்த வளவில் கூத்துப் பழகினார்கள். நானும் ஒரு சின்ன வேசத்துக்குச் சேர்ந்திருந்தேன். என் கால் வளையவே இல்லை. நாலடி போடச் சொன்னால் மூன்றடி போட்டுவிட்டு முழிப்பேன். தினமும் அண்ணாவியாரிடம் ஏச்சு. பெண் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் கூத்தில் இடமே இல்லை, பெண் வேசத்தையும் ஆண்கள்தான் கட்டுவார்கள். ஆனால் அக்கா வேலி ஓட்டைக்குள்ளால் பார்த்துப் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தா. அதுவும் ராசாவின் ஆட்டம், எல்லாவற்றிலும் கடினமானது. ஒரு நாள் நான் அதைக் கண்டேன். என்னைப் பார்த்து, “இது கூடத் தெரியாதா உனக்கு?” என்று நாலடியைப் போட்டுக் காட்டிச் சிரித்தா. வஞ்சகம் இல்லாத சிரிப்புத்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அப்பாவிடம் போய்ச் சொல்லி, அவருக்குப் பின்னால் மறைந்துகொண்டு வந்தேன்.

அப்பா அடிக்கவில்லை, ஏசக் கூட இல்லை. அடுத்த நாள் புதுத் தென்னோலைக் கிடுகு வாங்கி வந்து அந்த ஓட்டையை அடைத்தார். கூத்துப் பழக்கம் நடக்கிற பின்னேரங்களில் அக்காவுக்கு அடுப்படி வேலை என்று ஆகிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு கிழமையில் எல்லாரும் மறந்துபோனார்கள். என் காலை நம்பிப் பயனில்லை என்று அண்ணாவியார் என் கையில் மத்தளத்தைத் தந்தார். நான் ஊருக்குத் தெரிந்த மத்தளக்காரனானேன். அக்கா கல்யாணம் முடித்துப் பரிஸுக்குப் போனா.

துணிக்குக் கீழே அந்தக் கால்கள் ஒரு தரம் நிலத்தைத் தட்டின. வரவு கேட்கிற தட்டு.

என் கை எழும்பியது எனக்குத் தெரியாது. மத்தளம் தானாகவே திறந்துகொண்டது. துணி விலகியது. நகரசபை எழுத்துப் போட்ட நீல நிறத் துப்பரவுச் சட்டையோடு, ஐம்பது வயது தாண்டிய என் அக்கா, ஒரு ராசாவாக வெளியே வந்தா. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. கையில் வாள் இல்லை, ஆனால் வாள் பிடித்த கை. குத்துமிதி போட்டபோது மண்டபத்துப் பலகை நிலம் அதிர்ந்தது. யன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு அது பரிஸாகவும் தெரியவில்லை, ஊராகவும் தெரியவில்லை.

ஆனால் ஏதோ ஒன்று இடித்தது. அவ சுற்றுகிற பக்கம் மாறி இருந்தது. வலது காலில் எடுக்க வேண்டியதை இடது காலில் எடுத்தா. இந்தப் பக்கம் வர வேண்டிய வட்டம் அந்தப் பக்கம் போயிற்று. பிழை ஒன்று இரண்டு இல்லை, தலை முதல் கடைசி வரை எல்லாமே இடம் வலமாக, அச்சுப் பிசகாமல் மாறியிருந்தது. ஊரில் என்றால் நானே மத்தளத்தை நிறுத்தி, “மாறிப் போகுது!” என்று கத்தியிருப்பேன்.

அடுத்த நொடியில் எனக்கு விளங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஆடுகிறவர்களை முகத்துக்கு நேரே பார்த்துப் பழகிய ஆட்டம் இது. கண்ணாடி பார்த்துத் தலை சீவுகிற மாதிரி, அவர்களுடைய வலது இவவுக்கு இடதாகிப்போனது. ஒரே ஒரு நாள், யாராவது ஒருவர் உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் திருந்தியிருக்கும். யாரும் கூப்பிடவில்லை. பார்த்த ஒருத்தனும் போய்க் கோள் சொன்னான்.

நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். கழுத்தில் கிடந்த சால்வையால் மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டேன். மத்தளக்காரன் நடுவில் நின்று ஆடுகிறவரோடு சேர்ந்து திரும்ப வேண்டும். முப்பது வருடமாக ஒரு பக்கமே திரும்பிப் பழகிய உடம்பை, அன்றைக்கு முதன்முதலாக மற்றப் பக்கம் திருப்பினேன். தலை சுற்றியது. அக்காவின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு அவ போன பக்கமே போனேன். எப்போது சுரைக்குடுக்கை சேர்ந்தது, எப்போது அக்கோடியன் சேர்ந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. கண்ணீரில் அந்தத் தழும்பு கூட மங்கலாகத்தான் தெரிந்தது.

முடிந்தபோது அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு நடுவில் நின்றா. யாரும் உடனே கை தட்டவில்லை. அக்கோடியன் அம்மா வாத்தியத்தைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு வந்து, ஏழு வருடமாக ஞாயிறுதோறும் கண்ட முகத்தை இப்போதுதான் காண்கிறவ மாதிரி அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு வட்டத்தில் இன்னுமொரு கதிரையை இழுத்துப் போட்டு, அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அதில் இருத்தினா.

வீட்டுக்கு பஸ்ஸில் வந்தோம். அக்கா யன்னல் ஓரம். கடைகளின் வெளிச்சங்கள் ஈரக் கண்ணாடியில் கரைந்து போய்க்கொண்டிருந்தன. என்னால் அடக்க முடியவில்லை.

“அக்கா, அண்டைக்கு அப்பாட்டச் சொன்னது நான்தான்.”

“தெரியும்.”

“எப்பிடித் தெரியும்?”

“அப்பா வந்து நிக்கக்குள்ள நான் பயத்தில நிலத்தத்தானே பாத்துக்கிட்டு நிண்டன். அவர்ர காலுக்குப் பின்னால உன்ட கால் நிண்டிச்சு. பெருவிரல் ரெண்டையும் மண்ணுக்குள்ள புதைச்சுக்கிட்டு.”

நாற்பது வருடம். கல்யாணத்துக்கு முதல் நாளும், விமானம் ஏறிய அன்றும், மாதா மாதம் போனில் கதைத்தபோதும் இதை அறிந்துகொண்டேதான் என்னை ‘தம்பி’ என்று கூப்பிட்டிருக்கிறா.

“அப்ப ஏன் ஒரு நாளும் என்னக் கேக்கல்ல?”

“என்னத்தக் கேக்கிற? சின்னப் பொடியன் நீ.” பிறகு சின்னச் சிரிப்போடு, “மறுகா நீ முத்தத்தில இருந்து மத்தளம் பழகினாய்தானே. நான் அடுப்படியில நிண்டு அதுக்கு ஆடினன். நீ பிழைச்சா நான் நிப்பன். நீயும் நிண்டு திரும்ப அடிப்பாய். சரியா வந்தா நான் ஒரு சுத்துச் சுத்துவன். உனக்குக் கேக்கல்லயா? நம்மட அடுப்படி மண் நிலம்தானே, ‘தொப் தொப்’ எண்டு கேக்குமே” என்றா.

கேட்டிருக்கிறது. அம்மா ஏதோ இடிக்கிறா என்று நினைத்திருந்தேன். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் என் கை ஓடியிருக்கிறது. தனியே பழகினேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்த மத்தளம் அது. அந்த பஸ்ஸில், தெரியாத சனங்களுக்கு நடுவில், நான் வெட்கமில்லாமல் அழுதேன். அக்கா தன் கையுறையைக் கழற்றித் தந்தா, மூக்கைத் துடைக்க.

நான் டிக்கெட்டை மாற்றவில்லை. சித்திரைக் கடைசியில் அந்தப் பூங்காவில், பச்சை துளிர்த்திருந்த பெரிய மரங்களுக்குக் கீழே நாங்கள் எல்லாரும் சேர்ந்து வாசித்தோம். அக்கா ஆடினா, அதே மாறின பக்கமாகத்தான். திருத்தட்டுமா என்று முதல் நாள் நான் கேட்டதற்கு, “இது என்ட ஆட்டம், கிடக்கட்டும்” என்றுவிட்டா. விசா முடிந்து நான் ஊருக்கு வந்துவிட்டேன். அந்த வட்டத்தில் சேரப் போனவன் நான், சேர்ந்தது அவ. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் மண்டபத்தைத் துடைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஆடுகிறா. வீடியோ அனுப்புவா. அதை நான் நடு வாவியில், பாதையில் நின்றுகொண்டு பார்ப்பேன். பயணிகளும் எட்டிப் பார்ப்பார்கள். “ஆரு ராசா?” என்று ஒருவர் கேட்டார். என் அக்கா என்றேன்.

இப்போது எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளும் கூத்தாடுகிறார்கள். கிடுகு வேலிகளும் குறைந்து எல்லாம் மதிலாகிவிட்டது. இருந்தாலும் கூத்துப் பழக்கத்துக்கு மத்தளத்தை இடுப்பில் கட்டினால், முதல் அடி அடிப்பதற்கு முன் நான் ஒரு தரம் வெளியே போய் மதிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். யாராவது நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே வாங்க என்று கையைப் பிடித்துக் கூட்டி வருகிறேன். என் அக்காவை அன்றைக்குக் கூப்பிடாத குறை அதனால் தீராது என்று தெரிந்தும்தான்.